ஆனந்தரங்கரின் நாட்குறிப்பும் நமது ஆத்தும சோதனையும்

1739இல் காரைக்கால் பிரெஞ்சியர் வசமானது, 1749இன் இறுதியில் சந்தா சாகிபு தஞ்சையை முற்றுகையிட்டது முதலிய காவிரி நாட்டுச் செய்திகளை உடனுக்குடன் பதிந்த தமிழ் ஏடு, புதுச்சேரித் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் தொடங்கிய அது, அவர் மறைந்த 1761 வரை நீள்கிறது. தம் அகத்தைவிடத் தாம் கண்டதையும் கேட்டதையுமே அவர் மிகுதியாக எழுதினார்.

கத்தோலிக்க வாசகருக்கு இந்நூல் ஒரு சோதனை. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைத் துயரத்தோடு எழுதும் பிள்ளை, சேசு சபைக் குருக்களையும் தூப்ளே சீமாட்டியையும் சாடுகிறார். அவர் நடுநிலையாளர் அல்லர். கிறிஸ்தவரான கனகராய முதலியாரோடு இருந்த போட்டியும் வரிகளில் தெரிகிறது. எனினும் அச்சேற்றும் நோக்கமின்றி அன்றன்றே எழுதப்பட்ட அந்தச் சாட்சியத்தைச் சார்பு என்று தள்ளிவிட இயலாது. நாள்தோறும் நம்மை நாமே சோதிப்பது நன்று. அயலார் ஏட்டில் நாம் எவ்வாறு பதிந்துள்ளோம் என்று வாசிப்பதும் அச்சோதனையின் பகுதியே.