ஆட்சி எல்லையும் மொழி எல்லையும்: கிரியர்சனின் அளவாய்வை முன்வைத்து

ஆங்கிலேய அரசு இந்திய நிலப்பரப்பை மாகாணம், மாவட்டம், வட்டம் எனப் பகுத்தது வரி தண்டுவதற்கும் நீதி செலுத்துவதற்குமே ஆகும். மொழி வழங்கும் எல்லை அப்பகுப்பில் பெரிதும் கருதப்படவில்லை. சென்னை மாகாணத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகியன ஒருங்கே வழங்கின. ஒடியா மொழி பேசுவோரோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளம், மத்திய மாகாணம், சென்னை ஆகிய மூன்று ஆட்சிகளின்கீழ்ப் பிரிந்து கிடந்தனர். ஆட்சி வசதிக்காக எழுந்த இக்கோடுகள் அறிவுத்துறையின் கோடுகளாகவும் மாறின. இதற்கு ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சனின் 'இந்திய மொழியியல் அளவாய்வு' தக்க சான்றாகும்.

1928இல் நிறைவெய்திய இவ்வளவாய்வு, 11 தொகுதிகளில் 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் வகைப்படுத்துகிறது. ஒரு தனிமனிதரின் மேற்பார்வையில் இத்துணைப் பெரும்பணி நிறைவேறியது வியக்கத்தக்கதே. எனினும் தரவு திரட்டப்பட்ட முறை கூர்ந்து நோக்கத்தக்கது. மாவட்ட அதிகாரிகள் தத்தம் எல்லைக்குள் வழங்கும் மொழிகளைப் பட்டியலிட்டனர். பின்னர், விவிலியத்தின் கெட்ட குமாரன் உவமைக்கு மொழிபெயர்ப்பு, உள்ளூர்க் கதையோ உரைப்பகுதியோ ஒன்று, சொற்களும் தொடர்களும் அடங்கிய பட்டியல் ஆகிய மூன்றும் பெறப்பட்டன. ஆகவே, அளவாய்வின் தொடக்க அலகு பேசுவோர் சமூகம் அன்று, மாவட்டமே எனலாம்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. சென்னை மாகாணமும் ஐதராபாத், மைசூர் அரசுகளும் அளவாய்வின் எல்லைக்குள் கொள்ளப்படவில்லை. இதனால் திராவிட மொழிகளின் தாயகத்தில் பெரும்பகுதி புறத்தே நின்றது. ஸ்டென் கோனோ உருவாக்கி 1906இல் வெளிவந்த நான்காம் தொகுதி, முண்டா மொழிகளோடு திராவிட மொழிகளையும் விளக்குகிறது. மராத்தி வழங்கும் பகுதிகளில் அலைந்து வாழ்ந்தோரின் கைக்காடி, தமிழின் கிளைமொழியாக அதில் இடம்பெறுகிறது. திருநெல்வேலி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பேச்சுத்தமிழோ அவ்வாறு கள அளவில் ஆராயப்படவில்லை. இது மொழியியல் காரணத்தால் நேர்ந்ததன்று. வரைபடக் கோட்டால் நேர்ந்ததாகும்.

அளவாய்வு அக்கோட்டிற்கு முற்றிலும் அடங்கிவிட்டது என்றும் கூறவியலாது. மாகாணங்களாகப் பிரிந்து கிடந்த ஒடியாவை, 1903இல் வெளிவந்த ஐந்தாம் தொகுதியின் இரண்டாம் பகுதி ஒரே மொழியாக விளக்கியது. ஒடிசா தனி மாகாணமானது 1936இல்தான். ஆட்சி பிரித்ததை ஆய்வு இணைத்துக் காட்டிய இடம் இது.

குடியேற்ற ஆட்சி நீங்கிய பின்னும் அலகுச் சிந்தனை நீங்கவில்லை. கணேஷ் தேவியின் தலைமையில் 2010இல் தொடங்கப்பெற்ற இந்திய மக்கள் மொழியியல் அளவாய்வு, அரசு சாராத முயற்சியாக இருந்தும், மாநிலவாரியாகவே தொகுதிகளை அமைத்தது. தமிழ் வட்டார வழக்காய்வும் மாவட்டப் பெயர்களையே பெரிதும் பற்றி நிற்கிறது. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்தன. அதனால் பேச்சுவழக்கு மூன்றாகிவிடவில்லை. கி. ராஜநாராயணன் தம் வழக்குச் சொல்லகராதிக்கு மாவட்டத்தின் பெயரைச் சூட்டாமல் கரிசல் மண்ணின் பெயரைச் சூட்டியது இவ்வகையில் கருதத்தக்கது.

பெங்களூரிலும் பாலக்காட்டிலும் சித்தூரிலும் வழங்கும் தமிழ், மாநில எல்லையை அலகாகக் கொள்ளும் ஆய்வில் ஓரத்துக் குறிப்பாகவே எஞ்சும். பேசுவோரின் மணவுறவு, தொழில், இடப்பெயர்வு ஆகியவற்றை முதலில் வரைந்து, அவற்றின்மேல் மொழியெல்லையை வரைவதே முறையாகும். ஆட்சியின் வரைபடம் அவ்வாய்விற்குத் துணையாகலாம்; சட்டகமாதல் கூடாது.