ஆறறிவும் ஜீனோமும் – ஒரு மறுபார்வை

தமிழ் விழா மேடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. 1859-இல் டார்வின் எழுதிய பரிணாமத்தைத் தொல்காப்பியர் அன்றைக்கே சொல்லிட்டார், இன்றைய ஜீனோம் ஆராய்ச்சி அதை நிரூபிச்சிருக்கு என்பார்கள். கைதட்டலும் பலமாகவே இருக்கும். இந்தக் கூற்று நிற்குமா என்று நிறுத்துப் பார்ப்போம்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. தாவரங்கள் முதல் படி, எறும்பும் கறையானும் மூன்றாம் படி, மனிதர் ஆறாம் படி. சமண நூல்களிலும் புலன்களை எண்ணி உயிர்களை வகுக்கும் முறை உண்டு. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்ற பேச்சு அந்த மரபியல் பகுதியில் இல்லை. வகை பிரிப்பது வேறு, வம்சாவளி சொல்வது வேறு. கடையில் கோதுமைக்கு மேல்தட்டில் அரிசியை அடுக்கினால், கோதுமையிலிருந்து அரிசி பிறந்ததாக ஆகிவிடுமா?

சரி, ஜீனோமாவது இந்தப் படிவரிசையை ஒப்புக்கொள்கிறதா? அதுவும் இல்லை. ஓர் உயிரின் டி.என்.ஏ. முழுவதும் சேர்ந்தது ஜீனோம். மனிதனுடையது சுமார் 300 கோடி எழுத்துகள். வெங்காயத்துக்கோ ஏறக்குறைய 1,600 கோடி! நியூ கலிடோனியாத் தீவின் சிறு பெரணி ஒன்றுக்கு 16,000 கோடி என்று 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஃபுகு என்ற பேத்தை மீன் சுமார் 40 கோடியிலேயே குடித்தனம் நடத்துகிறது. மரபணுக்களை எண்ணினாலும் கதை அதுதான். நமக்குச் சுமார் 20,000. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மண்புழு இனமல்லாத ஒரு நூற்புழுவுக்கும் ஏறக்குறைய அவ்வளவே.

காரணம் என்ன? மக்காச்சோளத்தில் இடம் மாறும் மரபுத் துண்டுகளைக் கண்டறிந்த பார்பரா மெக்ளின்டாக் 1983-இல் நோபல் பரிசு பெற்றார். இவை தம்மைத் தாமே படியெடுத்துப் பெருகும். நம் ஜீனோமிலேயே ஏறக்குறைய பாதி இவற்றின் மிச்சம்தான். கிடங்கு பெரிசா இருந்தால் வியாபாரமும் பெரிசு என்று அர்த்தமில்லை. பழைய சரக்கு தேங்கியும் இருக்கலாம்.

சில உயிர்கள் இழந்தே மாறுகின்றன. காசநோய்க் கிருமிக்கு 44 லட்சம் எழுத்துகள், சுமார் 4,000 மரபணுக்கள். அதன் உறவான தொழுநோய்க் கிருமிக்கு 33 லட்சம் எழுத்துகளே. அதில் வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. செத்துக் கிடப்பவை 1,100-க்கும் மேல் என்று 2001-இல் தெரிய வந்தது. பிற உயிரணுவுக்குள் ஒண்டி வாழ்வதால் பலதும் அதற்குத் தேவையற்றுப் போயின. பாக்டீரியாக்களோ மரபணுக்களைப் பக்கத்து இனத்துக்கே கைமாற்றிக் கொடுக்கின்றன. ஆக, பரிணாமம் மேலேறும் ஏணியே அல்ல.

இதனால் தொல்காப்பியருக்குக் குறைவு ஒன்றுமில்லை. செடிக்கும் தொடுவுணர்வு உண்டு என்று எண்ணி, சிற்றுயிர்களையும் கூர்ந்து நோக்கி வகுத்தது பெரிய காரியம். அந்தப் பெருமை போதாதா? வெளிமாநிலப் பள்ளியில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள், மேடையில் கேட்டதை வகுப்பில் சொல்லித் தலைகுனிய நேர்ந்தால், உண்மையான பெருமையையும் நம்பாமல் போவார்கள். கள்ள எடைக்கல் ஒன்று அகப்பட்டால் போதும், கடையிலுள்ள நல்ல கல்லையும் யாரும் நம்புவதில்லை.