திரையில் ஷஹீதுகள்

அரபு மொழியில் 'ஷஹீத்' என்னும் சொல்லுக்கு உயிர்த்தியாகி என்பதோடு சாட்சி கூறுபவர் என்றும் பொருள் உண்டு. ஆகவே ஒரு ஷஹீதின் வரலாற்றைப் படமாக்குவோரிடம் நேர்மையான சாட்சியத்தையே நாம் முதற்கண் எதிர்பார்க்கிறோம். 2021ஆம் ஆண்டு வெளிவந்த பிரியதர்சனின் 'மரக்கார்' என்னும் மலையாளப் படத்தை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம்.

தேசிய விருது பெற்ற இப்படத்தின் கடற்போர்க் காட்சிகள் பாராட்டத்தக்கவை. மரைக்காயர் என்னும் பெயர் இன்றும் வழங்கும் முத்துக்குளித்துறையில் வாழும் நமக்கு, நான்காம் குஞ்ஞாலியைத் திரையில் காண்பது மகிழ்ச்சியே. ஆயினும் சரித்திரத்தின் கசப்பான பகுதியைப் படம் இலேசாக்கிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தமக்குக் கடற்படை நடத்திய குடும்பத்தின் தலைவரை அடக்கச் சாமூதிரி மன்னரே போர்த்துக்கீசியருடன் கைகோத்தார். உயிருக்கு உறுதி பெற்று 1600 மார்ச்சில் சரணடைந்த குஞ்ஞாலியைப் போர்த்துக்கீசியர் கைப்பற்றிக் கோவாவில் சிரச்சேதம் செய்தனர். மன்னருக்கும் தளபதிக்கும் இடையே வளர்ந்த அதிகாரப் போட்டியே இப்பிளவின் வேர். படமோ சின்னாலி என்னும் சீன வீரனின் காதலுக்கும் அரண்மனைக் காழ்ப்புக்கும் அதில் பெரும்பங்கு தருகிறது. வீரர் மாசற்றவராகிறார், பழி சிலர் தலையில் விழுகிறது.

பொன்னானி ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூலோ வேறு வழி காட்டுகிறது. பறங்கியரை எதிர்த்துப் போராட அழைத்த அப்பெரியார், முஸ்லிம்களை ஆதரித்த இந்து மன்னர்களைப் புகழ்ந்தார். செழிப்பில் நன்றி மறந்த தம் மக்களின் குற்றத்தையும் மறைக்காமல் எழுதினார். முஸ்தஃபா அக்காத் 1981இல் அளித்த உமர் முக்தார் படத்திலும், இத்தாலியருக்கு இணங்கிப்போன லிபியப் பிரமுகர் ஒருவர் வருகிறார். அப்படத்தை 1982இல் தடுத்த இத்தாலி, 2009இல் தன் தொலைக்காட்சியிலேயே அது காட்டப்படுவதைக் கண்டது.

நம் கரைக்கும் இத்தகைய கடந்த காலம் உண்டு. 1530களில் முத்துச் சிலாபத்தை ஒட்டி முஸ்லிம்களோடு மூண்ட பகையால், பரதவர் போர்த்துக்கீசியர் காவலை நாடிக் கிறிஸ்தவராயினர். 1538இல் வேதாளையில் மரைக்காயர் கடற்படை போர்த்துக்கீசியரிடம் தோற்றது. அதே வேதாளையில் 1549இல் அந்தோணி கிரிமினாலி என்னும் இயேசு சபைக் குருவானவர் வடுகர் படையால் கொல்லப்பட்டார். அவரைக் கத்தோலிக்கர் 'வேதசாட்சி' என்பர். அச்சொல்லிலும் சாட்சி உண்டு!

நாளை ஒருவர் இக்கதையைப் படமாக்க முன்வரலாம். மரைக்காயரைத் தியாகிகளாகவும் பரதவரைத் துரோகிகளாகவும் அவர் காட்டினால், தூத்துக்குடியில் அருகருகே வாழும் இரு சமூகத்துப் பிள்ளைகள் எந்த முகத்தோடு ஒருவரையொருவர் பார்ப்பர்? பரதவர் ஏன் அந்நியரை நாடினர் என்னும் கேள்விக்கு, நம் முன்னோர் நடந்துகொண்ட முறையும் விடையில் ஒரு பகுதியாகும். தமக்கு எதிராயினும் நீதியான சாட்சி கூறவேண்டும் என்பது மார்க்கத்தின் கட்டளை. அக்கட்டளைக்கு உட்பட்ட படமொன்று இக்கரையிலிருந்து வருமாயின், அதனை நாம் மனமார வரவேற்போம்.