தசை முடிச்சும் ஓர் அழகான விளக்கமும்

வலக்கை விரல்களால் உங்கள் இடத்தோளின் மேல்விளிம்பைக் குறுக்காக உருட்டிப் பாருங்கள். கயிறு போன்ற ஓர் இறுக்கம் தட்டுப்படுகிறதா? அழுத்தினால் வலிக்கிறதா? "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்பார்கள் வீட்டில். அது நரம்பன்று, தசை. அது ஏன் இறுகுகிறது என்பதற்குச் செல்வாக்கு மிக்க விடையைத் தந்தது, ஜேனட் டிரவெல், டேவிட் சைமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய கையேடு. அதன் முதல் தொகுதி 1983இல் வெளிவந்தது. (டிரவெல் கென்னடியின் மருத்துவராக இருந்தவர். சைமன்ஸ் 1957இல் பலூனில் 30 கிலோமீட்டருக்கு மேல் ஏறி இறங்கியவர்!)

1999ஆம் ஆண்டுப் பதிப்பின் விளக்கம் இது. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் மிகுதியாகக் கசிகிறது. அங்குள்ள தசையிழை சுருங்கி, நுண்ணிய இரத்தக் குழாய்களை நெரிக்கிறது. ஆக்சிஜன் குறைகிறது, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறுக்குப் பஞ்சம் வருகிறது. ஆற்றல் தீர்ந்தால் தசை தளரத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆக்டினைப் பற்றிய மயோசின் தன் பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும், கால்சியத்தை அதன் அறைக்குத் திருப்பி இறைக்கவும் அதுவே வேண்டும். பிணம் விறைப்பதும் இதனால்தான். ஆக, பஞ்சம் இறுக்கத்தை நீட்டிக்கிறது. இறுக்கம் பஞ்சத்தை வளர்க்கிறது.

வகுப்பில் சொல்வதற்கு இவ்வளவு நேர்த்தியான விளக்கம் எளிதில் கிடைக்காது. எனக்கு ஐயம் எழுவதும் அதனால்தான். சங்கிலியின் கண்ணிகள் தனித்தனியே உடலியல் அறிந்தவை. ஆனால் வலியோடு நடமாடும் மனிதரின் தசையில் சங்கிலி முழுவதும் ஓடுவதை எவரும் காட்டவில்லை. 1976இல் சைமன்ஸ் நுண்ணோக்கியில் கண்ட சுருக்க முடிச்சுகள் நாயின் தசையில் இருந்தவை.

இன்னும் அடிப்படையான குறை அளவீட்டில் இருக்கிறது. 1992இல் வெளியான ஒரு சோதனையில், தேர்ந்த மருத்துவர்கள், யார் நோயாளி என்று அறியாமலே பலரைத் தொட்டுப் பார்த்தார்கள். இறுகிய பட்டைகள் நோயாளிகளிடமும் நலமாக இருந்தவர்களிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் தட்டுப்பட்டன. அந்த ஆய்வுக் குழுவில் சைமன்ஸும் ஒருவர். அவரது நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் 1999ஆம் ஆண்டு விளக்கம் அந்த விரல் சோதனையையே நம்பி நிற்கிறது.

விரலுக்குப் பதில் கருவி உண்டு. தசையை அதிரச் செய்தால், விறைப்பு 2 மடங்கான இடத்தில் அலை சுமார் 1.4 மடங்கு விரைந்தோடும். காந்த ஒத்ததிர்வுப் படத்தால் 2007இல் இதைச் செய்து காட்டினார்கள். பட்டை விறைப்பானது என்று அது சொல்லும். பட்டைதான் வலிக்குக் காரணம் என்று சொல்லாது.

உங்கள் வலி உண்மையே. ஆனால் "முடிச்சை உடைக்க" ஊசிக்கும் பிசைதலுக்கும் பணம் கட்டுமுன், வலிக்காத வலத்தோளையும் ஒருமுறை உருட்டிப் பாருங்கள்.