பாலியில் யார் விளையாடுகிறார்கள்?

போன வாரம் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தான். கல்யாணமாகி ஒரு மாசம் ஆகிறது. ஆகஸ்டில் பாலித் தீவுக்குப் போகிறார்கள், நாலு இரவு, ஐந்து பகல். "அண்ணே, நீங்க போய்ட்டு வந்தவங்கதானே, இதுல எதை வச்சுக்கலாம், எதை வெட்டிடலாம்னு சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் நான் அந்தத் தாளை ஒரு பிரதியாக வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். கெட்ட பழக்கம். தோன்றியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் தஞ்சுங் பெனோவா கடற்கரையில் பனானா போட், ஜெட் ஸ்கீ, பாராசெய்லிங். இரண்டாம் நாள் உபுதில் ஊஞ்சல். மூன்றாம் நாள் ஆயுங் ஆற்றில் ராஃப்டிங். நான்காம் நாள் கூட்டாவில் அலைச்சறுக்குப் பாடம், மாலையில் உலுவாத்துவில் கெச்சாக் நடனம். ஐந்தாம் நாள் ஷாப்பிங், அப்புறம் ஏர்போர்ட்.

இதில் வரும் வினைச்சொற்களைக் கவனியுங்கள். பறப்பது, சறுக்குவது, நனைவது, கத்துவது எல்லாமே 'நீங்கள்'. பாலிக்காரர்கள் மூன்றே வேலைதான் செய்கிறார்கள்: புன்னகைக்கிறார்கள், வழிகாட்டுகிறார்கள், ஆடிக் காட்டுகிறார்கள். நாற்பது லட்சத்துக்கும் மேல் ஜனம் வாழும் தீவு அது. அவர்கள் யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல், தங்களுக்காக எப்போதாவது விளையாடுவார்களா? இந்தத் தாளை நம்பினால், மாட்டார்கள். என் புகார் இதுதான். விலை, கூட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஊஞ்சலையே எடுத்துக்கொள்வோம். உபுதில் பள்ளத்தாக்கை நோக்கி, தென்னைகளுக்கு நடுவே கட்டி விட்டிருப்பார்கள். இடுப்பில் பெல்ட் மாட்டுவார்கள். நீள வால் வைத்த கவுன் வாடகைக்குக் கிடைக்கும், அது காற்றில் பறந்தால்தான் போட்டோ. நானும் வரிசையில் நின்று ஏறினேன். கிடைத்த சில நிமிடத்தில் பாதி கேமராவைப் பார்ப்பதிலேயே போய்விட்டது. பொய் சொல்லக் கூடாது, வயிறு ஜிலீரென்றது, பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் தீவின் கிழக்கே தெங்கனான் என்ற பழைய ஊரில் இன்னொரு ஊஞ்சல் உண்டு. உசபா சம்பா திருவிழாவின்போது ராட்டினம் மாதிரி ஒரு பெரிய மர ஊஞ்சலை நிறுத்துவார்கள். கல்யாணமாகாத பெண்கள் அந்த ஊரிலேயே நெய்த கெரிங்சிங் துணி உடுத்தி அதில் உட்கார, பையன்கள் சுற்றிவிடுவார்கள். அதே விழாவில் ஆண்கள் முள் தாழை மடலைக் கட்டாகப் பிடித்து ஒருவர் முதுகை ஒருவர் கீறும் சண்டையும் நடக்கும். ரத்தம் வரும். முடிந்ததும் மஞ்சள் சேர்த்த மருந்தைப் பூசிக்கொண்டு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே யார் ஏறலாம், யார் சுற்றலாம், எப்போது என்பதற்கெல்லாம் ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறது. உபுதில் டிக்கெட் வாங்கினால் போதும்.

பட்டம் இன்னொரு உதாரணம். ஜூலை, ஆகஸ்ட் அங்கே காற்றுக் காலம். சானூர் பக்கம் மீன் வடிவத்தில் 'பெபெயான்', இலை வடிவத்தில் 'பெச்சுக்கான்', நூறு மீட்டருக்கும் மேல் வால் நீளும் 'ஜங்கான்' எல்லாம் வானத்தில் நிற்கும். ஒரு பெரிய பட்டத்தைத் தூக்கி ஏற்ற ஒரு கூட்டமே வேண்டும். 'பஞ்சார்' எனப்படும் ஊர்க் குழுக்கள் தாங்களே செய்த பட்டத்தோடும் கமெலான் வாத்தியத்தோடும் மைதானத்துக்கு வருவார்கள். சித்தி மகன் போவது சரியாக அந்த மாதத்தில்தான். அவன் தாளில் பட்டம் என்ற சொல்லே கிடையாது.

"அண்ணே, அவங்களுக்குப் பொழப்பே அதுதானே, நீங்க ஏன் குறை சொல்றீங்க?" என்று அவன் கேட்பான். நியாயமான கேள்வி. நான் 'அசல் பாலி' என்று ஒன்றைத் தேடவில்லை. தாளில் இருக்கும் கெச்சாக்கே 1930களில், சங்ஹ்யாங் என்னும் அருள்வந்து ஆடும் சடங்கின் குரலிசையை எடுத்து, ராமாயணக் கதையோடு சேர்த்து, வெளியூர்க்காரர்களை மனதில் வைத்து உருவான வடிவம்தான். ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸுக்கும் பாலி நடனக் கலைஞர் வாயான் லிம்பக்குக்கும் அதில் பங்கு உண்டு.

அலைச்சறுக்கும் வந்த சரக்குதான். 1936இல் பாப் கோக் என்ற அமெரிக்கர் கூட்டா கடற்கரையில் விடுதி தொடங்கினார். பலகையை அங்கே கொண்டுவந்தவர் அவர். 1972இல் வெளியான 'மார்னிங் ஆஃப் தி எர்த்' படம் உலுவாத்து அலையை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். கரையில் நின்று வேடிக்கை பார்த்த உள்ளூர்ப் பிள்ளைகள் பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது இந்தோனேசியாவுக்காக இறங்கிய ரியோ வாய்தா பாலியில் வளர்ந்தவர். வெளியிலிருந்து வந்த விளையாட்டு அவர்களுடையதாகிவிட்டது. தாளிலோ அவர்கள் இன்னும் 'பயிற்றுநர்' மட்டும்தான்.

பாலிக்காரர்களின் விளையாட்டை உண்மையிலேயே பொருட்படுத்தி எழுதிய ஒருவர், மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ். பாலியின் சேவல் சண்டை பற்றி 1972இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பாடத்தில் இருக்கிறது. அவர் முடிவுகளோடு சண்டை போடலாம், பலர் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதன் ஆரம்பம்தான். 1958இல் அவரும் மனைவியும் ஒரு கிராமத்துக்கு வருகிறார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் சேவல் சண்டையில் போலீஸ் புகுந்துவிட, இவர்களும் ஊரோடு சேர்ந்து தலைதெறிக்க ஓடுகிறார்கள். மறுநாளிலிருந்து ஊர் இவர்களோடு பேச ஆரம்பிக்கிறது. அந்த ஓட்டத்தை எந்தப் பேக்கேஜிலும் விற்க முடியாது.

கடைசியாகத் தண்ணீர். ஆயுங் பாலியின் மிக நீளமான ஆறு. நமக்கு அது ராஃப்டிங், உழுகிறவருக்கு அது பாசனம். 'சுபாக்' என்ற அமைப்பில் விவசாயிகள் கோயில்களை மையமாக வைத்து முறை போட்டுத் தண்ணீரைப் பங்கிடுகிறார்கள். 2012இல் யுனெஸ்கோ அந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. ராஃப்டிங்கால் ஆறு வற்றாது. நெருக்கடி வருவது வயல் வில்லாவாக மாறும்போதும், ஒவ்வொரு வில்லாவுக்கும் நீச்சல் குளம் தோண்டும்போதும்தான். தாளில் அந்த வயலுக்குப் பெயர் 'வியூ'.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் இந்த இலக்கணம் தலைகீழாகும். பாலியின் சக வருடப் பிறப்பான நியெப்பி. முந்தின மாலை 'ஓகோ-ஓகோ' என்ற பெரிய பூத பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் தெருவெல்லாம் ஆடித் தீர்ப்பார்கள். மறுநாள் நெருப்பு இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. விமான நிலையமே 24 மணி நேரம் மூடிக் கிடக்கும். கடற்கரைக்குப் போகக் கூடாது, வெளிநாட்டு விருந்தாளியும் விடுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஊர்க் காவலர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள். அன்றைக்கு மட்டும் வினைச்சொல் அவர்களுடையது: 'இன்று யாரும் விளையாட வேண்டாம்' என்று தீவு சொல்கிறது, வந்தவர்களும் கேட்கிறார்கள்.

சித்தி மகனுக்குக் கடைசியில் இப்படித்தான் பதில் போட்டேன்: "தம்பி, ஊஞ்சலை வெட்டாதே, தங்கச்சிக்கு ஆசையா இருக்கும். ஜெட் ஸ்கீயை வெட்டிடு. அந்த அரை நாள் சானூருக்குப் போய், பட்டம் ஏத்துற இடம் எதுன்னு டிரைவரைக் கேளு. கவுன் வேணாம், தொப்பி எடுத்துட்டுப் போ. கயிறு பிடிக்கக் கூப்பிட்டாங்கன்னா, போட்டோவை விட்டுட்டுப் போய்ப் பிடி."

கட்டைவிரல் எமோஜி ஒன்று வந்தது. போவானா என்று ஆகஸ்டில் தெரியும்.