கையும் பொருளும்: தமிழகப் புத்தர் கற்சிற்பங்களின் முத்திரைகள்

தமிழகத்து இடைக்காலப் புத்தர் கற்சிற்பங்களைப் பற்றி எழுதுவோர் 'தியான முத்திரையில் அமர்ந்த புத்தர்' என்னும் தொடரை ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே கையாண்டு வருகின்றனர். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' 1940இல் வெளிவந்த பின் இத்துறையில் செய்திகள் பெருகியுள்ளன. கலைச்சொற்கள் அவ்வளவுக்குத் தெளிவுறவில்லை. மேற்கூறிய தொடரில் எது சான்று, எது முடிவு என்பது பிரித்துணரப்படுவதில்லை.

மொழியியலார் இதனை வேற்றுநிலை வழக்காகக் காண்பர். கிழக்கிந்தியாவின் பாலர் காலச் சிற்ப மரபில் ஐந்து ததாகதரை வேறுபடுத்துவதில் கைக்குப் பெரும்பங்கு உண்டு. நிலத்தைத் தொடும் கை அட்சோபியரைச் சுட்டும். மடியில் பொருந்திய இணைகை அமிதாபரைச் சுட்டும். கை மாறின் பெயர் மாறும். தமிழகத்து அமர்ந்த புத்தர் கற்சிற்பங்களிலோ இணைகையே பெருவழக்கு. ஆத்தூரை அடுத்த தியாகனூரின் இரு சிற்பங்களும் அத்தகையனவே. சமணத் தீர்த்தங்கரரின் அமர்ந்த திருமேனிகளிலும் அதே கை உண்டு. எனவே இங்குக் கை பொருள் வேறுபடுத்தும் கூறு அன்று. இடத்தோளில் படியும் சீவரத்தின் விளிம்பும் சுடர்வடிவ உஷ்ணீஷமுமே அப்பணியைச் செய்கின்றன. கையை முதற்சான்றாக நிறுத்தும் வருணனை, எல்லாச் சொல்லிலும் வரும் ஓர் ஒலியைக் கொண்டு ஒரு சொல்லை அடையாளங்காண முயல்வதை ஒக்கும்.

இது ஏட்டளவில் நிற்கும் சிக்கல் அன்று. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட சிற்பம் புத்தரே எனச் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2022 ஜூலையில் தீர்ப்பளித்தார். அதற்கு அடிப்படையான தொல்லியல் துறை அறிக்கை தாமரைப் பீடம், அர்த்தபத்மாசனம், தியான முத்திரை, சுருள்முடி, உஷ்ணீஷம், நீண்ட காதுமடல் ஆகியவற்றைக் குறித்தது. நெற்றியில் ஊர்ணை காணப்படவில்லை என்பதையும் மறைக்கவில்லை. கூறுகளின் தொகுதியே இங்கு முடிவைத் தாங்கியது. கையை மட்டும் கொண்டிருப்பின் எதிர்த்தரப்பு சமணத்தைக் காட்டி எளிதில் மறுத்திருக்கும். ஒரு சிற்பத்தின் வழிபாட்டுரிமை வருணனைச் சொற்களைச் சார்ந்து நிற்கும்போது மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு மிகுகிறது.

'முத்திரை' என்னும் சொல்லே தமிழில் இடர் தருவது. அஞ்சல் முத்திரை, முத்திரைத்தாள் எனப் பழகிய செவிக்கு அது குத்தப்பட்டு மாறாத குறியாகவே படும். சிலப்பதிகார அரங்கேற்று காதையும் உரையும் பேணிய பிண்டி, பிணையல், எழிற்கை, தொழிற்கை என்னும் வழக்குகள் வடிவையும் தொழிலையும் தனித்தனியே பெயரிடுகின்றன. கூத்தின் கலைச்சொற்களைச் சிற்பத்திற்கு அப்படியே ஏற்றல் தகாது; அப்பகுப்பு முறையோ கொள்ளத்தக்கது. 'பூமிஸ்பரிசம்' என்பதை 'நிலந்தொடுதல்' எனப் பெயர்ப்பதில் வடிவம் நிற்கிறது. மாரனுக்கு எதிராக நிலமகளைச் சான்றழைத்த செயல் மறைகிறது. 'நிலச்சான்றுக் கை' என்பது சற்றே கரடுமுரடாயினும் இரண்டையும் காக்கும்.

'அபயம்' இதற்கு மறுதலை. அது பெயர்ச்சொல். தமிழ் வழக்கு தந்த 'அஞ்சேல்' எதிர்மறை ஏவல். முன்னிற்பவனை விளித்துப் பேசும் சொல். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த செப்புத்திருமேனிகளில் நின்ற நிலைப் புத்தர் வலக்கையை உயர்த்தியிருப்பதை 'அபய முத்திரை' எனப் பட்டியலிடுவோர் அவ்விளியைக் கேட்கத் தவறுகின்றனர்.