பஞ்சாய்ப் போன பெடல்

இந்தக் காரின் ரேஞ்ச், பேட்டரி, பிக்கப் எல்லாம் ஏற்கெனவே பலரும் அலசித் தீர்த்த சங்கதிகள். மூன்றுமே நன்றாகத்தான் இருக்கின்றன. எனக்கும் இதற்கும் உள்ள தகராறு பிரேக் பெடலில். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்தக் கம்பெனியின் மின்சாரக் காருக்கும் வரக்கூடிய நோய்தான் இது.

இரண்டாவது வருஷம் முடிகிற சமயத்தில் பெடல் மெத்தென்று ஆகிவிட்டது. கால் வைத்தால் முதலில் ஒன்றுமே நடக்காது. நன்றாக உள்ளே போன பிறகுதான் பிடிக்கும். கோயம்புத்தூர் ஊருக்குள் ஓட்டினால் இது தெரியவே தெரியாது என்பதுதான் இதில் வம்பு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. இதற்குப் பெயர்தான் ரீஜென். பெடலை மிதித்தாலும் முதல் பங்கு வேலை ரீஜெனுடையது. டிஸ்க்கும் பேடும் உழைப்பது கடைசிச் சில மீட்டரில் மட்டும். பெட்ரோல் காராக இருந்தால் முதல் வாரமே காட்டிக் கொடுத்திருக்கும்.

குட்டு வெளிப்பட்டது ஊட்டியில். லாட்ஜில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறி, காலையில் நூறு சதவீதத்தோடு வண்டி கீழே இறங்கியது. பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் கிட்டத்தட்ட இல்லை. வருகிற மின்சாரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். 1,600 கிலோ வண்டி அவ்வளவு தூரம் இறங்கினால் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளிவரும். காற்றும் டயரும் தின்றது போக மீதி அத்தனையும் டிஸ்க்கில் சூடாக இறங்கியாக வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் பைப்புக்குள் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பர்லியாறு வளைவுகளில் இந்தக் கணக்கெல்லாம் ஓடிய மனசோடு ஓட்டுவது சுகமான அனுபவமில்லை. இப்போதெல்லாம் மலைமேல் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடுவதில்லை.

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் லேப்டாப்பைச் செருகினார். எரர் கோடு எதுவும் இல்லை. "எலெக்ட்ரிக் வண்டின்னா பெடல் இப்படித்தான் சார் இருக்கும், எல்லாம் சாஃப்ட்வேர்" என்றார். இந்தப் பதிலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரில் பெயர் தெரியாத எல்லாவற்றுக்கும் இப்போது சாஃப்ட்வேர் என்று பெயர். நான் விடாமல் நிற்கவே, பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று ஒரு எஸ்டிமேட் வந்தது. அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்கூட்டர் ஒன்று வாங்கலாம்.

மாஸ்டர் சிலிண்டர் மேல் பழி போடும் முன் செய்ய வேண்டிய சோதனைகள் பைசா செலவில்லாதவை. வண்டியை நிறுத்தி, ரெடி நிலையில் வைத்து, பெடலை அழுத்திப் பிடித்தேன். மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் எங்கோ ஆயில் ஒழுகுகிறது, அல்லது சிலிண்டரின் உள் சீல் போய்விட்டது. என் பெடல் இறங்கவில்லை. அடுத்தடுத்து மிதித்தபோது ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் உயர்ந்து வந்தது. காற்று புகுந்திருக்கிறது, அல்லது சக்கரத்தருகே ஏதோ தேவைக்கு மேல் ஆடுகிறது என்று அர்த்தம். பிறகு காலி மைதானத்தில் நியூட்ரலில் உருளவிட்டு மிதித்தேன். என் காரில் நியூட்ரலில் ரீஜென் கிடையாது. பிரேக்கின் நிஜ முகம் அப்போதுதான் தெரிகிறது. (பெடலுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பில்லாமல், மிதிக்கும் உணர்வைத் தனிக் கருவி உண்டாக்கித் தரும் கார்களும் வந்துவிட்டன. அவற்றில் காலை மட்டும் நம்பி இப்படிக் கண்டுபிடிக்க முடியாது.)

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் நான்கு சக்கரத்தையும் கழற்றினோம். "இது வெறும் ஏர் மட்டும் இல்லைங்க சார், இங்க பாருங்க" என்று மெக்கானிக் இடது பின் சக்கரத்தைக் காட்டினார். காலிப்பர் நழுவி ஓடவேண்டிய இரண்டு பின்களில் கீழ்ப் பின் அசையவில்லை. ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் போயிருக்கிறது. முறுக்கி முறுக்கி வெளியே இழுத்தால், கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காப்பிப்பொடி போலத் துரு கொட்டியது. பேட் ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் மெலிந்தும் தேய்ந்திருந்தது. மிதிக்கும்போது நகர முடியாத காலிப்பர் வளைந்து கொடுக்கிறது. என் காலுக்குப் பஞ்சாகத் தெரிந்ததில் பாதி அந்த வளைவு. பெட்ரோல் காரில் பிரேக் அடிக்கடி சூடாகி ஈரம் காயும், காலிப்பர் பின் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் ரீஜென் எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ள, காலிப்பர் சும்மா உட்கார்ந்தே துருப்பிடிக்கிறது. மின்சாரக் காருக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று ஷோரூமில் சொல்கிறார்களே, அவர்கள் இந்தப் பின்னை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பின்னைச் சுத்தம் செய்து, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் தடவி, புது பூட், புது பேட். எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கைப் பின்வாங்க வைக்கத் தனி ஸ்கேனர் தேவைப்பட்டது. திரையில் பத்து வண்ணத்தில் தீம் கொடுத்தவர்களுக்கு அதற்கு ஒரு பட்டன் கொடுக்கத் தோன்றவில்லை. அடுத்து பிளீடிங். நிப்பிளில் மாட்டிய கண்ணாடி டியூபில் கருத்த ஆயிலோடு பொடிப்பொடிக் குமிழ்கள் வந்தன. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் தங்கியிருந்ததை ஸ்கேனரால் பம்ப்பை ஓட்டித்தான் வெளியேற்ற முடிந்தது. மேனுவலில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருக்கிறது. சர்வீஸ் பில்லில் இருந்ததோ 'லெவல் செக்' மட்டும்.

இப்போது பெடல் மேலேயே பிடிக்கிறது, கல் மாதிரி. வாரத்தில் ஒருநாள் ஆளில்லாத ரோட்டில் நியூட்ரலில் போட்டு நாலைந்து தடவை நன்றாக மிதித்து டிஸ்க்கைத் துடைத்துவிடுகிறேன். சிக்னலில் நிற்கப்போகும்போது ரீஜென் கைவிட்டு பேட் பிடிக்கும் அந்த நொடியில் வரும் சின்னக் குலுக்கல் மட்டும் போகவில்லை. அது நிஜமாகவே சாஃப்ட்வேர். அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்கிறார்கள். போன அப்டேட்டில் வந்தது பதினோராவது தீம்.